பதிவு இல்லாத சிறு குழுவுக்கு நிதி எங்கே கிடைக்கும்? (வியாசர்பாடி மாலைப் படிப்பகம்)

வியாசை_மாலை | 2025 செப்டம்பர் 7, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் நானும் எட்டு நண்பர்களும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளாக ஒரு மாலைப் படிப்பகம் நடத்தி வருகிறோம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறு பிள்ளைகளோடு தொடங்கியது. இன்று 46 பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் மாநகராட்சிப் பள்ளிகளில் படிப்பவர்கள். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லாதவர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் இருந்த எங்கள் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அறுநூறு புத்தகங்களும் இரண்டு அலமாரிகளும் போயின. அதன்பின் ஒரு மாடிக்கு மாறினோம். வாடகை 9,000 ரூபாய். நண்பர்கள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் ஓடுகிறது. அந்தப் பணம் முழுவதும் என் சொந்த சேமிப்புக் கணக்குக்கே வருகிறது. எங்கள் குழு எங்கும் பதிவு செய்யப்படவில்லை.

போன வாரம் ஒருவர் வந்து, பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 20 லட்சம் வாங்கித் தருவதாகச் சொன்னார். முன்பணமாக 35,000 கேட்கிறார். கையில் அவ்வளவு இல்லை. நகையை வைத்தால் கிடைக்கும். அவர் சொல்வது நடக்கக்கூடியதா? இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு நிதி கேட்க வேறு நேரான வழி எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடலோரப்_பெண் | செப்டம்பர் 7, இரவு 10.05

தங்கச்சி, நகையை எடுக்காதே. முதலில் இதைப் படி.

நான் காசிமேட்டில் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். 2019இல் எங்களிடமும் இப்படி ஒருவர் வந்தார். மீன் உலர்த்தும் கூடம் அமைக்க நிதி என்றார். முத்திரை போட்ட ஒப்புதல் கடிதம் காட்டினார். முதலில் விண்ணப்பச் செலவு என்று 15,000. பிறகு ஆய்வுக்கு வருகிறவர்களின் பயணச் செலவு என்று 10,000. கடைசியில், பணம் வந்துவிட்டது, வரியைக் கட்டினால் விடுவிப்பார்கள் என்று 15,000. பன்னிரண்டு பெண்கள் கூடை சுமந்து சேர்த்த 40,000 ரூபாய் அது. போலீசில் புகார் கொடுத்தோம்; பணம் திரும்பவில்லை. இன்றும் அந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

நன்கொடை கொடுப்பவர், வாங்குபவரிடம் பணம் கேட்கமாட்டார். ஆடிட்டருக்கும் வழக்கறிஞருக்கும் அவர்கள் செய்த வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு. ‘நிதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு’ என்பது வேறு. உங்கள் குழுவுக்குப் பதிவே இல்லை என்று தெரிந்தும் 20 லட்சம் வாங்கித் தருவேன் என்கிறாரே, அதிலேயே விஷயம் வெளுத்துவிட்டது.

---

மயிலைக்_கணக்கர் | செப்டம்பர் 8, காலை 6.30

அம்மா, முப்பது ஆண்டுகளாகத் தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். கடலோரப் பெண் சொன்னது முற்றிலும் சரி. ஏன் அது நடக்காது என்பதைச் சட்டத்தின் பக்கமிருந்து சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆவது பிரிவுதான் இந்த சிஎஸ்ஆர் நிதிக்கு, அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு, அடிப்படை. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பணம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை வெளி அமைப்பு ஒன்றின் வழியாகச் செலவிட வேண்டுமானால், அந்த அமைப்பு பதிவு பெற்ற சங்கமாகவோ பொது அறக்கட்டளையாகவோ லாப நோக்கமில்லாத 8ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ இருக்க வேண்டும். வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) ஆகிய பதிவுகள் இரண்டும் வேண்டும். அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் ‘சிஎஸ்ஆர்-1’ படிவம் தாக்கல் செய்து எண்ணும் பெற்றிருக்க வேண்டும். இந்தப் பதிவுகளில் ஒன்றுகூட இன்று உங்களிடம் இல்லை. ஆகவே அந்த மனிதர் எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் வருவதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். நாளை வரித் துறை கேட்டால் அது உங்கள் வருமானமல்ல என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அதைவிட மோசமானது, குழுவுக்குள் ஒரு சிறு மனத்தாங்கல் வந்தால்கூட உங்கள் மேல் பழி வரும். ஐந்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அவப்பெயராகிவிடும். நல்லவர்களுக்கே இது நடந்து பார்த்திருக்கிறேன்.

பதிவுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்க விதிகளோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். மற்றொன்று, அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவது. அறக்கட்டளை எளிது, ஆனால் அறங்காவலர்கள் கையிலேயே எல்லாம் நிற்கும். உங்களைப் போல ஒன்பது பேர் சமமாக உழைக்கும் இடத்துக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் எண்ணம். படிப்பகத்தில் படித்த பிள்ளைகள் நாளை உறுப்பினராகி நிர்வாகத்துக்கே வர முடியும்.

விதிகளை எழுதும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். சங்கம் கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குத்தான் போகும் என்ற விதி இருக்க வேண்டும். பயன்பெறுவோர் ஒரு குறிப்பிட்ட மதத்தார், சாதியார் மட்டும் என்று எங்கும் வரக்கூடாது. வந்தால் 80ஜி கிடைக்காது. மூன்றாவது, நோக்கங்களில் ‘கல்வி’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பள்ளிக்கூடம் போன்ற முறையான கற்பித்தல் என்றே உச்ச நீதிமன்றம் 1975இல் பொருள் கொண்டது. ‘ஏழை எளியோர் நலம்’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரிச் சட்டத்தில் அது தனித்த அறநோக்கம்.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். பிறகு படிவம் 10ஏ வழியாக 12ஏபி (மேலே சொன்ன 12ஏ பதிவைத் தரும் பிரிவு), 80ஜி இரண்டுக்கும் தற்காலிகப் பதிவு. மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதை நிலைப்படுத்தப் படிவம் 10ஏபி போட வேண்டும். அதற்கான காலக்கெடு பணி தொடங்கிய தேதியை ஒட்டியும் கணக்கிடப்படுவதால் ‘மூன்று ஆண்டு இருக்கிறதே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இவை பழைய வருமான வரிச் சட்டத்தின் எண்கள்; புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் பிரிவு எண்கள் வேறு. அரசு நிதி கேட்கும் எண்ணமிருந்தால் தொண்டு அமைப்புகள் பதியும் நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ இணையதளத்திலும் பதிவு செய்து எண் பெறுங்கள்.

---

பெரும்பாக்கத்_தோழர் | செப்டம்பர் 8, பகல் 1.15

கணக்கர் ஐயா சொல்வதில் பிழையில்லை. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் நாங்கள் சிலர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தோம். நகருக்குள்ளிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். பள்ளி மாறி, நண்பர்கள் மாறி, படிப்பை விட்டுவிடும் நிலையில் இருந்த பிள்ளைகள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிறுவனம் ஓராண்டுக்கு நிதி தந்தது, கணினிப் பயிற்சிக்கு மட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அப்போது தேவைப்பட்டது தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத்தர ஆள். ஆனால் பணம் வருகிறதே என்று கணினிக்கு மாறினோம். மாதம் ஒரு அறிக்கை, வாரம் ஒரு புகைப்படம், விருந்தினர் வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பது. ஓராண்டு முடிந்ததும் அவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார்கள். சம்பளம் வாங்கிப் பழகிய ஆசிரியர்கள் போனார்கள். தொண்டாக வந்துகொண்டிருந்த இளைஞர்கள் அதற்கு முன்பே விலகியிருந்தார்கள். எட்டுக் கணினிகள் பூட்டிய அறையில் இருந்தன. படிப்பகம் நின்றுவிட்டது.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். நாங்கள்தான் எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மறந்தோம். சகோதரி, உங்கள் 46 பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நிதி தருபவர் அதற்குத் தருவதாக இருந்தால் வாங்குங்கள். வேறொன்றுக்குத் தருகிறேன் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

---

முன்னாள்_சிஎஸ்ஆர் | செப்டம்பர் 8, இரவு 8.50

ஒரு உற்பத்தி நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பிரிவில் ஒன்பது ஆண்டு வேலை செய்தேன். பெரும்பாக்கத் தோழர் எழுதியதைப் படித்தபின் மனம் ஒரு நிலையில் இல்லை. அப்படிப்பட்ட திட்டங்களுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சட்டம் தங்கள் ஆலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அதனால் வியாசர்பாடிக் குழு மும்பைத் தலைமையகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். மணலி, எண்ணூர், அம்பத்தூர் பக்கம் ஆலையும் அலுவலகமும் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சிஎஸ்ஆர் கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. மத்திய அரசின் சிஎஸ்ஆர் தளத்திலும் எந்த நிறுவனம் எந்த மாநிலத்தில் எதற்குச் செலவிட்டது என்று பார்க்கலாம். இதைப் பார்க்காமல் எழுதும் விண்ணப்பம், முகவரி இல்லாத கடிதம் போன்றது. மருத்துவத்துக்கு மட்டுமே கொடுக்கும் நிறுவனத்திடம் படிப்பகத்துக்குக் கேட்டு இருவர் நேரத்தையும் வீணாக்குவார்கள். வாரத்துக்கு இருபது கடிதமாவது அப்படி எனக்கு வரும்.

இன்னொன்று முக்கியமானது. ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஆகவே ஆசிரியர் சம்பளம் தரமாட்டோம்’ என்று நிறுவனங்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறான வாசிப்பு. அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கு. திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவை அது கட்டுப்படுத்தவில்லை. 2021இல் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலும் இது இருக்கிறது. படிப்பகத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம் நிர்வாகச் செலவே அல்ல. அதுதான் திட்டம். இதைப் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

மூன்றாண்டு காத்திருக்க முடியாதென்றால் ஒரு வழி உண்டு. ஏற்கெனவே எல்லாப் பதிவுகளும் உள்ள, நீங்கள் நன்கு அறிந்த ஒரு சென்னை அமைப்பிடம் பேசி, உங்கள் படிப்பகத்தை அவர்கள் நடத்தும் மையங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். பணம் அவர்கள் கணக்கில் வரும், செலவும் அவர்கள் கணக்கில் எழுதப்படும். யார் என்ன முடிவெடுப்பது, பெயர் யாருடையது, பிரிந்தால் புத்தகங்கள் யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லுறவு இருக்கும்போது எழுதினால்தான் அது நல்ல ஒப்பந்தமாக வரும்.

---

வியாசை_மாலை | செப்டம்பர் 9, இரவு 9.20

ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன். அந்த மனிதருக்கு இன்று போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடலோர அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தோழர் கேட்டபடி எழுதிப் பார்த்தோம். மாதத்துக்கு வாடகை 9,000. இரண்டு ஆசிரியைகளுக்குத் தலா 6,000. சுண்டல், வாழைப்பழம், பால் 4,500. மின்சாரம் 1,200. நோட்டு, பேனா, சாக்பீஸ் 1,300. மொத்தம் 28,000. ஆண்டுக்கு 3,36,000. இதுவரை இப்படி எழுதிப் பார்த்ததே இல்லை.

ஒரு சந்தேகம். என் சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். மாதம் 10,000 அனுப்புவதாகச் சொல்கிறார். அவருடைய நண்பர்களும் தருவார்களாம். வாங்கலாமா?

---

மயிலைக்_கணக்கர் | செப்டம்பர் 10, காலை 6.10

நல்ல வேளை, வாங்குவதற்கு முன் கேட்டீர்கள். உங்கள் சித்தப்பா எந்த நாட்டுக் குடிமகன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், பிறந்தது புளியந்தோப்பாகவே இருந்தாலும், வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை கையில் இருந்தாலும், அவர் ‘வெளிநாட்டு மூலம்’. அவர் பணத்தைத் தொட 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் பணிக்காக 15 லட்சம் செலவிட்ட கணக்கும் கேட்பார்கள். வருகிற பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்கே முதலில் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப்பின், அந்தப் பதிவு உள்ள அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. ஆகவே ‘அவர்கள் வழியாக வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாசத்தில் அனுப்புகிறார் என்பது சட்டத்துக்குத் தெரியாது அம்மா. இதில் மட்டும் கொஞ்சமும் இளகாதீர்கள்.

---

சூளைமேட்டு_நூலகர் | செப்டம்பர் 10, பகல் 3.30

எல்லாவற்றுக்கும் பணமாகவே கேட்க வேண்டியதில்லை என்பதைச் சொல்ல வந்தேன்.

மழையில் போன அறுநூறு புத்தகங்களை நினைத்து மனம் கனத்தது. கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இருக்கிறது. மத்திய அரசு 1972இல் அமைத்தது. பொது நூலகச் சேவை செய்யும் தன்னார்வ அமைப்புகளுக்கும் உதவும் திட்டம் அவர்களிடம் உண்டு. பதிவு முடிந்தபின் விண்ணப்பிக்கலாம். அதற்கு நூலகம் முறையாக நடப்பதற்குச் சான்று வேண்டும். இப்போதே ஒரு புத்தகப் பதிவேடும் இரவல் பேரேடும் போடுங்கள். எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனாள் என்பதைவிடப் பெரிய ஆவணம் ஒரு படிப்பகத்துக்கு இல்லை.

வாடகைச் சுமை தீர இன்னொரு கதவு. உங்கள் வட்டாரத்தில் பயன்படாமல் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடமோ நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் சமூகக்கூடமோ இருந்தால், மாலை மூன்று மணி நேரம் மட்டும் தரக் கேட்டு மாமன்ற உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். பழுது பார்க்க வேண்டுமென்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது: மக்கள் ஒரு பங்கைப் போட்டால் மீதியை அரசு போடும். ரோட்டரி சங்கங்களும் மேசை, விளக்கு, குடிநீர்ச் சுத்திகரிப்பான் போன்றவற்றைச் செய்து தருவார்கள். அவர்களுடைய உலகளாவிய நிதியுதவிக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். அது நமக்கான அளவல்ல. மாவட்ட அளவிலான சிறு நிதியுதவியைப் பற்றி அருகிலுள்ள சங்கத்தில் விசாரியுங்கள். பணம் அவர்கள் கையிலேயே இருக்கும், பொருள்தான் உங்களுக்கு வரும். அதில் தவறில்லை.

உங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கே ஏதாவது தேவையென்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் அது பள்ளிக்கு, படிப்பகத்துக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்களைப் பார்க்கிறேன்.

---

அன்னை_இல்லம்_ஆவடி | செப்டம்பர் 10, மாலை 6.45

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஆறு பெற்றோர் சேர்ந்து மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பகல்நேர மையம் நடத்துகிறோம். அறக்கட்டளை பதிவாகி நான்கு ஆண்டு ஆகிறது. எங்களுக்கு அரசு நிதி ஏதேனும் உண்டா?

---

மயிலைக்_கணக்கர் | செப்டம்பர் 10, இரவு 7.30

தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் என்று மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் திட்டம் இருக்கிறது. ‘இ-அனுதான்’ தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமுன் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநில அரசில் உங்கள் மையம் பதிவாகியிருக்க வேண்டும். நாளையே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாநில உதவியும் அங்கேயே தெரியவரும். நீங்கள் தனியாக ஒரு கேள்விப் பதிவு தொடங்குங்கள், விரிவாக எழுதுகிறேன். பெற்றோர் ஆறு பேர் சேர்ந்து இதைச் செய்வது சாதாரணக் காரியமல்ல.

---

பெரும்பாக்கத்_தோழர் | செப்டம்பர் 11, காலை 11.00

சகோதரி எழுதிய கணக்கைப் பார்த்தேன். 28,000 ரூபாயை 46 பிள்ளைகளுக்கு வகுத்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 609 ரூபாய். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் தலைநிமிர்ந்து பேசலாம்.

என் யோசனை: வாடகையும் சுண்டலும் உங்கள் தெருவிலிருந்தே வரட்டும். இரண்டும் சேர்த்து 13,500. மாதம் 100 ரூபாய் தரும் 135 பேர். பெற்றோரில் முடிந்தவர்கள், கடைக்காரர்கள், அங்கே படித்து வேலைக்குப் போனவர்கள். வெளி நிதி ஆசிரியைகளின் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் வரட்டும். வெளி நிதி ஒரு ஆண்டு நின்றாலும் கதவு திறந்திருக்கும். எங்களிடம் இது இல்லாததால்தான் மூடினோம்.

---

கடலோரப்_பெண் | செப்டம்பர் 11, பகல் 2.10

தோழர் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் 100 ரூபாய் கொடுக்கும் தாய்க்கும் ரசீது கொடுக்க வேண்டும். எங்கள் மகளிர் குழுவில் பத்து ரூபாய்ச் சேமிப்புக்கும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேரேட்டில் எழுதுவோம். நான்கு வருடம் அப்படி எழுதிய பேரேட்டைப் பார்த்துத்தான் வங்கி எங்களுக்குக் கடன் கொடுத்தது. வேறு எந்த அடமானமும் நாங்கள் வைக்கவில்லை.

---

முன்னாள்_சிஎஸ்ஆர் | செப்டம்பர் 11, இரவு 9.00

609 என்ற எண்ணை நானும் ஆதரிக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உங்கள் ஒன்பது பேரின் இலவச உழைப்பு அந்தக் கணக்கில் இல்லை. ஆடிட்டர் செலவு இல்லை. அடுத்த வெள்ளத்துக்கான சேமிப்பு இல்லை. சிறு குழுக்கள் எப்போதும் குறைத்தே கேட்கிறார்கள். குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். உண்மையில் நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ‘இவர்கள் யோசிக்கவில்லை’ என்று தோன்றும். உள்ளதை உள்ளபடி கேளுங்கள்.

முன்மொழிவு நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளின் வறுமையைப் பக்கம் பக்கமாக வருணிக்காதீர்கள். ஜூன் மாதம் எத்தனை பேர் தடுமாறாமல் வாசித்தார்கள், மார்ச்சில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எழுதுங்கள். எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் என்றும் எழுதுங்கள். நின்றுபோனவர்களைப் பற்றி நேர்மையாக எழுதிய விண்ணப்பங்களை நான் ஒருபோதும் ஒதுக்கியதில்லை.

80ஜி பற்றியும் ஒரு வார்த்தை. ‘வரிச்சலுகை உண்டு’ என்பதை மட்டும் நம்பித் தனிநபர்களிடம் போகாதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்த வரிக் கழிவு கிடையாது. சம்பளக்காரர் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவர்களுக்கும் ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு இல்லை.

---

வியாசை_மாலை | செப்டம்பர் 14, இரவு 10.30

இன்று ஞாயிற்றுக்கிழமை. படிப்பகத்தில் ஒன்பது பேரும் பெற்றோர் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். சங்கமாகப் பதிவு செய்வது என்று முடிவு. நிர்வாகக் குழு ஏழு பேர். அதில் இரண்டு பேர் பெற்றோர். ஒருவர் வீட்டு வேலைக்குப் போகும் அம்மா. ‘எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், கணக்கு என்ன புரியும்’ என்றார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘நான் படித்துக் காட்டுகிறேன் அம்மா’ என்றாள். யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

அக்டோபர் முதல் என் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொல்லிவிட்டேன். சங்கத்தின் கணக்கு திறக்கும்வரை ரொக்கப் புத்தகம் ஒன்றில் எழுதி, வாரம் ஒருமுறை மூன்று பேர் கையெழுத்திடுகிறோம். ஐந்து ஆண்டுகளாக வந்ததையும் போனதையும் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்; 2021 வரை வந்துவிட்டேன். சித்தப்பாவிடம் கேட்டேன். 2016லேயே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டாராம். வேண்டாம் என்று சொன்னபோது வருத்தப்பட்டார். சட்டத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆங்கிலம் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நூறு ரூபாய்க்கு இன்று ஒரே நாளில் 31 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் தாமாகவே வந்து எழுதினார்.

கணக்கர் ஐயா, விதிகளின் வரைவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். நேரில் பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

---

மயிலைக்_கணக்கர் | செப்டம்பர் 15, காலை 6.00

வருகிறேன் அம்மா. அடுத்த ஞாயிறு, 21ஆம் தேதி, காலை பத்து மணிக்கு. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வங்கிப் புத்தகம், வாடகை ஒப்பந்தம், ஒன்பது பேரின் அடையாள அட்டை நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். அந்தப் பெற்றோர் உறுப்பினரையும் மகளோடு வரச் சொல்லுங்கள். ரொக்கப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று அவருக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.